தாகம் வளர்த்த காடு: ஹாங்காங்கின் சிங்கப்பாறை

கவுலூன் தீபகற்பத்தின் வடக்கே, நகரத்துக்கும் சா டின் பள்ளத்தாக்குக்கும் நடுவில் மதில்போல் கிழக்கு மேற்காகக் கிடக்கும் மலைத்தொடரில், 495 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் கருங்கல் முகடே சிங்கப்பாறை எனப்படுவது. காண்டோனிய மொழியில் அதன் பெயருக்குச் 'சிங்க மலை' என்பது பொருள். ஆங்கிலேயர் வழங்கிய 'லயன் ராக்' என்னும் பெயரில் மலை பாறையாயிற்று, சிங்கம் மாறவில்லை. தெற்கிலிருந்து காண்போருக்கு மேற்கு நோக்கித் தலை வைத்துப் படுத்திருக்கும் சிங்கத்தின் பிடரியும் முதுகும் தெளிவாகத் தெரியும். வடக்கே சா டின் பக்கம் சென்றுவிட்டால் அந்த உருவம் கலைந்து, அது வெறும் மலையாகிவிடும். ஆகவே இம்மலை சிங்கமாக இருப்பது நகரத்தாருக்கு மட்டுமே என்று சொன்னால் மிகையாகாது.

சீனத்தின் காடுகளில் சிங்கம் வாழ்ந்ததில்லை. கோயில், அரண்மனை வாசல்களில் காவலிருக்கும் கற்சிங்கமே அம்மக்கள் அறிந்த சிங்கம். இம்மலைச்சரிவுகளில் உண்மையாகவே நடமாடிய விலங்கு புலி. 1915ஆம் ஆண்டிலும் ஹாங்காங்கின் வடபகுதிக் கிராமமொன்றில் காவலர் இருவரைக் கொன்ற புலியொன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. பாடம் செய்யப்பட்ட அதன் தலை இன்றும் காவல்துறை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிங்கப்பாறையின் அடிவாரத்தில் இன்று லோக் ஃபூ என்று வழங்கும் குடியிருப்புப் பகுதி முன்பு 'லோ ஃபூ ங்காம்', அதாவது புலிப்பாறை, என்றே அழைக்கப்பட்டது. அரசு அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுப்பியபின், புலியின் பெயரில் குடியிருப்பது மங்கலமன்று என்று கருதியோ என்னவோ, ஓசை நெருங்கியதும் 'மகிழ்ச்சியும் செல்வமும்' என்று பொருள்படுவதுமான பெயர் சூட்டப்பட்டது. புலி மறைந்துவிட, கற்சிங்கம் நிலைத்துவிட்டது.

மலையும் அதைச் சூழ்ந்த 557 ஹெக்டேர் நிலமும் 1977ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் 'நாட்டுப்புறப் பூங்கா'வாக அறிவிக்கப்பட்டன. இச்சொல் சற்று விளக்கம் வேண்டுவது. மலர்ப்பாத்திகளும் புல்வெளியும் வேலியும் கொண்ட நகரப் பூங்காவை இது குறிக்காது; மனிதர் புகாத சரணாலயத்தையும் குறிக்காது. நகரத்தை ஒட்டியுள்ள மலை, காடு, ஓடை ஆகியவற்றைக் கட்டடம் எழாமல் சட்டத்தால் காத்து, நகர மக்கள் நடந்து உலாவத் திறந்துவிடும் ஏற்பாடே நாட்டுப்புறப் பூங்கா. சீன மொழியில் இதற்கு வழங்கும் தொடரும் நகர்ப்புறத்துக்கு வெளியேயுள்ள காட்டுவெளிப் பூங்கா என்றே பொருள்படும். இன்று இம்மலையில் அடர்ந்து நிற்கும் பசுமையைக் காண்போர், நகரம் தோன்றுமுன் இருந்த ஆதிக்காடு தப்பிப் பிழைத்து நிற்பதாகவே எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. இம்மலையின் மரங்களில் பெரும்பாலானவை அடிவாரத்துப் பழைய கட்டடங்களைவிட வயதில் இளையவை. இயற்கை அழகின் மீதுள்ள பற்று அவற்றை வளர்க்கவில்லை; குடிநீருக்கான அச்சமும் மனித நெருக்கடியும் சேர்ந்தே வளர்த்தன. அழகு பின்னால் வந்து சேர்ந்தது.

மலையின் உடல் ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகளின் அடியில் குளிர்ந்து இறுகிய கருங்கல். வெப்பமும் மழையும் மிகுந்த இப்பகுதியில் கருங்கல் நெடுங்காலம் சிதைந்து, கைபட்டால் உதிரும் மணலாகிவிடும். மரத்தின் வேர் பற்றியிருக்கும்வரை அந்த மண் நிற்கும், வேர் போனால் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து ஓடைகளில் இறங்கும். இந்த எளிய இயல்பே இம்மலையின் பிற்கால வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது.

பிரித்தானியக் குடியேற்ற ஆட்சிக்கு முந்தைய காலத்தில் இத்தொடர் அழகுக்குரியதாக அன்றி, காவலுக்கும் கடப்பதற்கும் உரியதாகவே கருதப்பட்டது. 1660களில், தைவானைத் தளமாகக் கொண்ட எதிரிகளுக்குக் கரையோர மக்கள் துணைபோவதைத் தடுக்கச் சிங் பேரரசு தென்கடற்கரை மக்கள் அனைவரையும் உள்நாட்டுக்குள் விரட்டியது. கடலோர வெளியேற்றம் என்று வரலாற்றில் வழங்கும் அக்கொடுமை 1669இல் தளர்த்தப்படும்வரை ஊர்கள் பாழாய்க் கிடந்தன. சிங்கப்பாறைக்கு மேற்கே 457 மீட்டர் உயரமுள்ள பீக்கன் குன்று, அக்காலத்தில் அங்கே இருந்த காவல் தீயின் நினைவாகவே அப்பெயர் பெற்றதாகக் கூறப்படுகிறது. ஊர்களை மீண்டும் நிரப்ப வந்தவர்களில் 'ஹக்கா' மக்கள் பலர். விருந்தினர் குடிகள் என்று பொருள்படும் பெயருடைய அவர்கள் வளமான சமநிலம் முன்வந்தவர் கையில் இருந்ததால் மலையடிவாரங்களில் குடியேறினர்.

அவர்களுக்கு மலை என்றால் விறகு. சமையலடுப்புக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் வேண்டிய சுள்ளியும் உலர்புல்லும் சரிவுகளிலிருந்தே வந்தன. வெட்டியது போக மிஞ்சியதை ஹக்கா பெண்கள் காவுதடியின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் ஏந்தி, சா டின் கணவாய் வழியாக மலை தாண்டி, கவுலூன் சந்தையில் விற்றனர். அகன்ற விளிம்புடைய வைக்கோல் தொப்பியும், வெயிலும் தூசியும் படாமல் அதன் விளிம்பைச் சுற்றித் தொங்கும் கறுப்புத் துணி மடிப்பும் அவர்களின் அடையாளம். மரம் முளைத்து ஆளுயரம் வளருமுன்பே வெட்டுப்பட்டதால் சரிவுகளில் புல்லும் குறும்புதருமே மிஞ்சின. ஒவ்வோர் ஊரின் பின்புறத்திலும் மட்டும் ஒரு துண்டு அடர்காடு தப்பி நின்றது. மலையிலிருந்து இறங்கும் நல்லூழ் ஊரைவிட்டு வெளியேறாமல் தடுப்பது அக்காடு என்பது நம்பிக்கை. நம் கோயில்காடுகளைப் போல அங்கும் யாரும் கத்தி எடுத்துச் செல்வதில்லை. இன்றைய தாவரவியலார் ஹாங்காங்கின் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று அறிய இந்த ஊர்க்காடுகளையே நாடுகின்றனர்.

பெண்களின் அந்தச் சுமைவழியை நோக்கி நிற்பதுபோல, சா டின் பக்கச் சரிவில், முதுகில் குழந்தையைக் கட்டிய பெண்ணைப் போன்ற ஒரு பாறை நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 15 மீட்டர். கடலுக்குச் சென்ற கணவன் இறந்ததறியாமல் நாள்தோறும் மலையேறிக் காத்திருந்த மனைவி கல்லானாள் என்பது கதை. சீனப் பெயர் 'கணவனை எதிர்நோக்கும் கல்'. ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயரோ 'ஆமா ராக்'. ஆமா என்பது ஐரோப்பியர் வீடுகளில் குழந்தை வளர்த்த பணிப்பெண்ணைக் குறித்த சொல். செவிலி என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து பிறந்தது, தமிழில் வழங்கும் 'ஆயா' வேறொரு போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து பிறந்ததுபோல. முதுகில் பிள்ளையுடன் நிற்கும் சீனப் பெண்ணைக் கண்ட குடியேற்ற அதிகாரியின் கண்ணுக்கு அவள் வேறெவளாகவும் தோன்றவில்லை. மனைவி வேலைக்காரியான இந்தப் பெயர்மாற்றம் ஒரு காலத்தின் சமூக வரலாற்றை இரண்டு சொற்களில் அடக்கிவிடுகிறது.

1860ஆம் ஆண்டின் பீக்கிங் உடன்படிக்கையால் பிரித்தானியருக்குக் கிடைத்தது பவுண்டரி தெருவுக்குத் தெற்கேயுள்ள கவுலூன் மட்டுமே. சிங்கப்பாறை அப்போது சீனத்தின் பக்கம் இருந்தது. 1898இல் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற 'புதிய நிலப்பரப்புகள்' வழியாகவே அது குடியேற்ற ஆட்சியின்கீழ் வந்தது. படைத்தலைவர்கள் இம்மலைகளில் அரணைக் கண்டனர். பொறியாளர்கள் தண்ணீரைக் கண்டனர். நிலைத்தது பொறியாளர் பார்வைதான்.

ஹாங்காங்கில் பெரிய ஆறோ ஏரியோ கிடையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், பெரும்பகுதி கோடை மாதங்களில் கொட்டி, செங்குத்தான சரிவுகளில் வழிந்து சில மணி நேரத்தில் கடலில் கலந்துவிடும். எனவே மலையிடுக்குகளில் அணை கட்டி மழைநீரைத் தேக்குவதே அரசின் ஒரே வழியாயிற்று. சிங்கப்பாறைத் தொடரின் மேற்குப் பகுதியில் 1910இல் கட்டி முடிக்கப்பட்ட கவுலூன் நீர்த்தேக்கம் புதிய நிலப்பரப்புகளில் எழுந்த முதல் நீர்த்தேக்கம். அதைத் தொடர்ந்து 1920களிலும் 1930களிலும் அதன் அருகிலேயே மேலும் சில தேக்கங்களும், 1937இல் சற்று வடக்கே ஷிங் முன் பெருந்தேக்கமும் எழுந்தன.

அணை கட்டினால் மட்டும் போதாது; அணைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கவும் வேண்டும். அதற்காக மலையின் இடுப்பில், ஏறக்குறைய ஒரே மட்டத்தில், வளைவுக்கு வளைவு உடன் வளைந்து செல்லும் வரத்துக்கால்களை வெட்டினர். மேலிருந்து இறங்கும் ஒவ்வோர் ஓடையையும் குறுக்கே மறித்து, அதன் நீரை மெல்லிய சரிவில் அணைக்கு நடத்திச் செல்லும் கால்வாய்கள் இவை. அவற்றைத் தூர்வாரும் பணியாளர் நடக்கக் கரையில் ஒரு தடம் விடப்பட்டது. ஒருபக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவே ஏற்றமும் இறக்கமும் இல்லாத நிழல்வழி என்ற அந்த அமைப்பு, பிற்காலத்தில் மூச்சிரைக்காமல் நடக்க விரும்பும் முதியோருக்கு மிகவும் உகந்த நடைபாதையாயிற்று. அழகுக்காக யாரும் வகுக்காத பாதை அது என்பதைக் கால்வாய்ச் சுவரில் படிந்த பாசி மட்டுமே இப்போது நினைவூட்டும்.

வெற்று மலையில் பெய்த மழை மணலையும் சுமந்துவந்து தேக்கங்களைத் தூர்க்கத் தொடங்கியபோதுதான் மரம் அரசின் கணக்கில் ஏறியது. ஹாங்காங் தீவில் 1870களிலிருந்தே தோட்டத்துறைக் கண்காணிப்பாளர் சார்லஸ் ஃபோர்டின் முயற்சியால் மரநடவு நடந்து வந்தது. புதிய நிலப்பரப்புகளின் நீர்ப்பிடிப்புச் சரிவுகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. வறண்ட, சத்தற்ற மண்ணிலும் பிழைக்கும் சீனச் செம்பைன் மரமே முதன்மையாக நடப்பட்டது. விறகு வெட்டிப் பிழைத்த கிராமத்தார்க்கு இது இடைஞ்சலாயிற்று. நேற்றுவரை பொதுவாயிருந்த சரிவில் கிளை ஒடிப்பது குற்றமாயிற்று. நீருக்காகக் காக்கப்பட்ட காட்டில் விறகுக்கு இடமில்லை என்ற இந்த முரண் பற்றி அரசு ஏடுகள் பேசுவதெல்லாம் காவலர் தரப்பிலிருந்தே பேசுகின்றன. காவுதடி சுமந்தவளின் தரப்பு எழுத்தில் ஏறவில்லை.

இத்தொடரின் குரங்குகளும் தண்ணீரோடு தொடர்புடையவையே. கவுலூன் தேக்கத்தைச் சுற்றி எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு நச்சுக்கொடி மண்டியிருந்தது. அதன் காய் நீரில் விழுந்தால் குடிநீர் கெடும் என்று அஞ்சி, அக்காயைத் தீங்கின்றித் தின்னக்கூடிய செங்குரங்குகளை அங்கே விட்டனர் என்பது அரசுத் துறையே சொல்லிவரும் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடப்பட்ட அச்சிறு கூட்டத்தின் சந்ததியே இன்று சிங்கப்பாறை முதல் காம் ஷான் மலை வரை திரியும் நூற்றுக்கணக்கான குரங்குகள். காயைத் தின்ன வந்தவை காலப்போக்கில் நடைப்பயணியரின் ரொட்டியையும் பிளாஸ்டிக் பையையும் நாடக் கற்றுக்கொண்டன. 1999இல் இப்பகுதியில் காட்டுவிலங்குகளுக்கு உணவிடுவதே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. குரங்குகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தக் கருத்தடையும் செய்யப்படுகிறது.

கவுலூன் தேக்கம் கட்டி முடிந்த அதே 1910ஆம் ஆண்டில் பீக்கன் குன்றின் அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான சுரங்கம் குடைந்து கவுலூனிலிருந்து வடக்கே ரயில் ஓடத் தொடங்கியது. சா டின் கணவாயின் சுமைவழிக்கு அன்றே மறைவு தொடங்கிவிட்டது எனலாம்.

நட்ட காடு முப்பது நாற்பது ஆண்டுகள்தான் நின்றது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை எல்லை தாண்டியது. இம்மலைகளின் வழியே 18 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்டிருந்த 'ஜின் டிரிங்கர்ஸ்' தற்காப்பு அரண், அதன் முதன்மைக் கோட்டையான ஷிங் முன் கைவிட்டுப் போனதால், இரண்டே நாளில் பொருளற்றதாயிற்று. கிறிஸ்துமஸ் நாளன்று ஹாங்காங் சரணடைந்தது. அதன்பின் வந்த மூன்று ஆண்டு எட்டு மாத ஆக்கிரமிப்பில் நிலக்கரியும் எண்ணெயும் வருவது நின்றுபோக, பசியோடும் குளிரோடும் இருந்த நகரம் மலையைத்தான் எரித்தது. மரம் போனபின் அடிக்கட்டையும், அடிக்கட்டை போனபின் வேரும் தோண்டப்பட்டன. 1945இல் ஆட்சி மீண்டபோது சிங்கப்பாறையின் சரிவுகள் மழைநீர் கிழித்த செம்மண் வரிகளோடு வெறுமையாய்க் கிடந்தன.

அந்த வெற்று மலையின் காலடியில்தான் புதிய ஹாங்காங் பிறந்தது. போர்முடிவில் ஏறத்தாழ 6 லட்சமாகச் சுருங்கியிருந்த மக்கள்தொகை, சீன உள்நாட்டுப் போரிலிருந்தும் அதன்பின் வந்த ஆட்சிமாற்றத்திலிருந்தும் தப்பி வந்தவர்களால் ஐந்தாறு ஆண்டுகளில் 20 லட்சத்தைத் தாண்டியது. பலகை, தகரம், தார்த்தாள் ஆகியவற்றால் ஆன குடிசைகள் மலைச்சரிவுகளில் படிப்படியாக ஏறின. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மே குடிசைப்பகுதியில் பற்றிய தீ 50,000க்கும் மேற்பட்டோரை ஒரே இரவில் தெருவில் நிறுத்தியது. அதன் விளைவாக அரசு எழுப்பிய ஏழுமாடி மீள்குடியமர்வுக் கட்டடங்களில் பெரியவர் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட தரைப்பரப்பு 24 சதுர அடி. சிறுவருக்கு அதில் பாதி. குழாயும் கழிப்பறையும் பொது; சமையல் வாசலில், நடைவழியில். ஹெச் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் கட்டப்பட்ட அவற்றுள் மே ஹோ இல்லம் என்னும் ஒன்று மட்டும் இன்று இளைஞர் விடுதியாக மாற்றிக் காக்கப்படுகிறது. லோக் ஃபூ, வாங் டாவ் ஹோம், வோங் டாய் சின் ஆகிய அடிவாரப் பகுதிகள் எல்லாம் இவ்வாறே நிரம்பின. ஒருவர் படுத்தால் மற்றவர் நிற்க வேண்டிய அறையில் வளர்ந்தவர்களுக்கு, நடைவழியின் கம்பித்தடுப்பில் சாய்ந்தபோது கண்ணுக்குக் கிட்டிய ஒரே விரிவு மேலே தெரிந்த சிங்கத்தின் முதுகுதான்.

கூட்டம் பெருகத் தண்ணீர் குறைந்தது. 1963இல் ஆண்டு முழுவதும் பெய்த மழை 901 மில்லிமீட்டர் மட்டுமே. பதிவுகள் தொடங்கிய நாள்முதல் அவ்வளவு குறைந்த மழை பெய்ததில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்திலிருந்து நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம் மட்டுமே குழாயில் தண்ணீர் வந்தது. வாளி, மண்ணெண்ணெய்த் தகரம், பிள்ளைகளின் குளியல் தொட்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வரிசையில் வைத்துக் காத்திருந்த அக்காலம், அந்தத் தலைமுறையின் நினைவில் தீயைவிட ஆழமாகப் பதிந்தது. 1965 முதல் சீனத்தின் டோங்ஜியாங் ஆற்றுநீர் விலைக்கு வாங்கப்பட்டது; கடலின் ஒரு குடாவையே அணையால் அடைத்து, உப்புநீரை இறைத்து வெளியேற்றி நன்னீர் நிரப்பும் ப்ளோவர் கோவ் திட்டமும் நடந்தேறியது.

அந்த நீரைச் சா டினிலிருந்து கவுலூனுக்குக் கொண்டுவரச் சிங்கப்பாறையைக் குடைய வேண்டியிருந்தது. குழாய்களுக்கென்றே முதலில் எண்ணப்பட்ட அச்சுரங்கம், குடைவது குடைகிறோம் சற்று அகலமாகவே குடைவோம் என்ற கணக்கில், வண்டிகளும் செல்லும்படி விரிவாக்கப்பட்டு, 1967 நவம்பரில் ஹாங்காங்கின் முதல் சாலைச் சுரங்கமாகத் திறக்கப்பட்டது. அதன் வழியாகத்தான் சா டினின் நெல்வயல்கள் பின்னர் பெருநகரமாயின. இன்றும் அச்சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. வண்டியில் செல்வோர் தாம் ஒரு தண்ணீர்ப் பாதையின் முதுகில் செல்வதை அறியார்.

போருக்குப்பின் மலையை மீண்டும் பசுமையாக்கும் பணி நீர்த்துறையின் தேவைக்காகவே விரைந்து நடந்தது. விரைந்து வளர்வதும் தீயைத் தாங்குவதுமே தேர்வுக்கான அளவுகோல். ஆகவே தைவான் அகேசியா, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் பாக்ஸ், அமெரிக்காவின் ஸ்லாஷ் பைன் ஆகிய அயல் மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. இன்றும் பாதையோரத்தில் நின்று காட்டுக்குள் உற்று நோக்கினால், ஒரே பருமனுள்ள அடிமரங்கள் கோடு பிடித்ததுபோல் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். தீ என்பது வெறும் அச்சமன்று. ஏப்ரலில் வரும் சிங் மிங் நாளிலும், சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளான சுங் யுங் நாளிலும் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து ஊதுவத்தியும் காகிதப் பணமும் எரிப்பது சீன மரபு. கல்லறைகள் இருப்பதோ மலைச்சரிவுகளில். இலையுதிர்காலத்துக் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் பத்தாண்டு நடவு ஒரே பிற்பகலில் போய்விடும். சுங் யுங் நாளில் மலையேறுவது நற்பேறு தரும் என்ற பழைய நம்பிக்கையும் சேர்ந்துகொள்ள, மலைக்கு மிகுந்த கூட்டமும் மிகுந்த ஆபத்தும் ஒரே நாளில் வந்தன.

காட்டை மக்களுக்குத் திறந்துவிடும் எண்ணம் 1960களின் நடுவில்தான் உருப்பெற்றது. அமெரிக்கச் சூழலியல் அறிஞர்களான லீ டால்பட், மார்த்தா டால்பட் தம்பதியர் 1965இல் அளித்த அறிக்கை, நகரத்தைச் சூழ்ந்த மலைகளைப் பாதுகாப்பதும் மக்கள் உலாவப் பயன்படுத்துவதும் ஒரே திட்டத்தில் அடங்கக்கூடியவை என்று வாதிட்டது. அறிக்கைகள் அலமாரியில் உறங்குவது எங்கும் உள்ளதே. இதை எழுப்பியது 1967இன் அரசியல் கலவரம். நெரிசலான வீடுகளில் அடைபட்ட இளைஞர்களின் வேகத்துக்கு வடிகால் வேண்டும் என்ற கவலை அரசுக்குள் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் 1968இல் இயற்றப்பட்ட நாட்டுப்புறச் சட்டம் நகரங்களை ஒட்டிச் சிறுசிறு உலாவிடங்களை அமைக்க வகைசெய்து, அவற்றுக்கு நாட்டுப்புறப் பூங்கா என்று பெயரிட்டிருந்தது. ஹாங்காங் அப்பெயரை எடுத்துக்கொண்டது, ஆனால் அளவைப் பின்பற்றவில்லை. அங்கே சிறு தோப்பும் வண்டி நிறுத்துமிடமுமாக இருந்தது, இங்கே முழு மலைத்தொடர்களாயிற்று. காரணம் எளியது: நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் அந்நிலங்கள் ஏற்கெனவே அரசின் கையில், கட்டடமின்றி, காவலோடு இருந்தன. தண்ணீருக்காக விலக்கி வைத்த நிலமே பூங்காவுக்கு முதலாயிற்று.

1971இல் ஆளுநராக வந்த மெக்லிகோஸ் மலைநடையில் பெருவிருப்பமுடையவர். அவர் காலத்தில் ஷிங் முன் தேக்கத்தைச் சுற்றி இருக்கைகளும் சமையல் மேடைகளும் அமைத்து நடத்தப்பட்ட சோதனை முயற்சிக்கு எதிர்பாராத கூட்டம் வந்தது. 1976இல் நாட்டுப்புறப் பூங்காக்கள் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு காம் ஷான், ஷிங் முன், சிங்கப்பாறை ஆகிய மூன்றும் முதல் பூங்காக்களாக ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. 1979க்குள் எண்ணிக்கை 21 ஆயிற்று; 2024இல் சேர்ந்ததுடன் இன்று 25. ஹாங்காங்கின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இவ்வாறு காப்புக்கு உட்பட்டது. உலகின் மிக நெரிசலான நகரங்களில் ஒன்றுக்கு இது வியப்பான விகிதம்தான். ஆனால் தாகம் என்ற காரணம் இல்லாதிருந்தால், நல்லெண்ணம் மட்டும் இவ்வளவு நிலத்தைக் காத்திருக்கும் என்று நம்புவது கடினம்.

1979இல் திறக்கப்பட்ட நூறு கிலோமீட்டர் மெக்லிகோஸ் நெடுநடைப் பாதையின் ஐந்தாம் பகுதி சிங்கப்பாறையை ஒட்டிச் செல்கிறது. பாதை நெடுகிலும் ஒவ்வோர் அரைக் கிலோமீட்டருக்கும் எண் பொறித்த குட்டையான கம்பம் ஒன்று நிற்கும். நூறு கிலோமீட்டருக்கு இருநூறு கம்பங்கள். வழிதவறியவரோ கால் பிசகியவரோ தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், மீட்புக் குழு நேரே வந்து சேரும். 1981இல் இப்பாதை முழுவதையும் நால்வர் குழுவாக நடந்து முடிக்கும் பயிற்சியைத் தொடங்கியவர்கள் ஹாங்காங்கில் இருந்த கூர்க்கா படையினர். அது பின்னர் பொதுமக்களும் பங்கேற்கும் நன்கொடை நடையாக வளர்ந்தது.

பூங்காவான அதே பத்தாண்டில் மலை குறியீடும் ஆயிற்று. அரசு வானொலி தொலைக்காட்சி நிறுவனம் 1970களில் தயாரித்த 'சிங்கப்பாறையின் அடியில்' என்னும் தொடர், மீள்குடியமர்வுக் கட்டடங்களில் வாழ்ந்த சாதாரண மக்களின் துயரங்களைக் காட்டியது. அதற்காக ஜோசஃப் கூ இசையமைத்து, ஜேம்ஸ் வோங் எழுதி, ரோமன் டாம் 1979இல் பாடிய பாடல், காலப்போக்கில் நகரத்தின் எழுதப்படாத நாட்டுப்பண்போல் ஒலிக்கலாயிற்று. பொருளாதாரச் சரிவின் நடுவே 2002இல் நிதிச் செயலர் தம் வரவு செலவுத் திட்ட உரையில் அப்பாடலை எடுத்தாண்டார். 'சிங்கப்பாறை மனப்பாங்கு' என்ற தொடர், முணுமுணுக்காமல் உழைத்து முன்னேறுவதைக் குறிக்கும் அரசு வழக்காயிற்று. 2014 அக்டோபர் 23ஆம் நாள் மலையேறும் குழுவொன்று, உண்மையான பொதுவாக்குரிமை வேண்டும் என்றெழுதிய ஏறத்தாழ 28 மீட்டர் நீள மஞ்சள் துணியைச் சிங்கத்தின் தலையிலிருந்து தொங்கவிட்டபோது, அதே மனப்பாங்குக்கு வேறொரு பொருள் உரைக்கப்பட்டது. அத்துணி மறுநாளே அகற்றப்பட்டது. 2019இல் நடு இலையுதிர்த் திருநாள் இரவில் மலைமுகடு நெடுகப் போராட்டக்காரர்கள் விளக்கேந்தி நின்றனர். பாறை எந்தப் பொருளையும் மறுக்கவில்லை.

மலை தெரிந்துகொண்டிருந்தால்தான் குறியீடாக இருக்க முடியும் என்பதையும் கூறவேண்டும். 1998 வரை காய் டாக் விமான நிலையம் அடிவாரத்தில் இருந்ததால், விமானங்கள் மலைக்கு முன்னே குன்றொன்றில் தீட்டப்பட்ட சதுரங்கக் கட்டங்களை நோக்கிப் பறந்துவந்து, சட்டென்று வலப்புறம் திரும்பித் தரையிறங்கின. அவற்றுக்கு இடையூறாகும் என்று கவுலூனில் கட்டடங்களின் உயரம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சிங்கத்தின் உருவம் மறையாமல் நின்றது அழகுணர்ச்சியால் அன்று, விமானத்தால். நிலையம் இடம்பெயர்ந்தபின் கோபுரங்கள் எழத் தொடங்கவே, மலைமுகட்டுக்குக் கீழே குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது கட்டடத்தால் மறைக்கப்படாமல் தெரியவேண்டும் என்ற நகரமைப்பு நெறி வலியுறுத்தப்பட்டது. அது சட்டமன்று, வழிகாட்டுதலே. அதை மீறியவற்றைக் கவுலூனின் வானத்தில் எளிதாகக் காணலாம்.

காட்டின் கதையிலோ மற்றொரு திருப்பம் நேர்ந்தது. 1970களின் இறுதியிலிருந்து பரவிய பைன் நூற்புழு நோய், எஞ்சியிருந்த செம்பைன் மரங்களைப் பெருமளவில் அழித்தது. அயல் மரங்களோ ஐம்பது அறுபது ஆண்டு முதுமையடைந்து, விதை முளைக்காமல், பறவைக்கும் பூச்சிக்கும் அதிகம் உணவளிக்காமல் நிற்கின்றன. ஆகவே 2009 முதல் பூங்காத் துறை ஒரு செறிவூட்டல் பணியைத் தொடங்கியது: வரிசையில் நிற்கும் அகேசியாக்களையும் பிரிஸ்பேன் பாக்ஸ்களையும் இடைவெளி விட்டு வெட்டி, வெளிச்சம் விழும் அந்தத் திட்டுகளில் இம்மண்ணுக்குரிய மரங்களின் கன்றுகளை நடுகின்றனர். ஒவ்வொரு கன்றையும் சுற்றி, விலங்கு கடிக்காமலும் காற்று ஒடிக்காமலும் காக்க ஒரு பிளாஸ்டிக் உறை நிறுத்தப்படுகிறது. பாதையில் செல்வோர் கண்ணுக்கு வெட்டுண்ட அடிமரமும் அதன் அருகே வெண்குழாய்போல் நிற்கும் அந்த உறையும் ஒன்றாகத் தெரியும்.